காந்த மெத்தையில் படுத்தால் ரத்த ஓட்டம் கூடுமா?

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மைனி ஒரு காந்த மெத்தையும் இரண்டு காந்த வளையமும் வாங்கியிருக்கிறார். விற்றவர் தூரத்துச் சொந்தம். "ரெத்தத்துல இரும்பு உண்டுல்லா, காந்தம் அத இழுக்கும், ஓட்டம் தன்னால கூடும்" என்று சொன்னாராம். வீட்டில் நடுத்தர வயதுக்காரர்கள் நாலு பேர், யாருக்கும் நோய் கிடையாது. மாமனாருக்கு மட்டும் பேஸ்மேக்கர், அதாவது இதயத் துடிப்பைச் சீராக வைக்க நெஞ்சில் பதிக்கும் கருவி, இருக்கிறது. நோய் இல்லாதவர்களுக்கு இது ஏதாவது செய்யுமா, மாமனாருக்கு ஆபத்து உண்டா என்பது கேள்வி. உடலியக்கவியல் பாடம் எடுக்கிறவன் என்பதால் என்னிடம் வந்திருக்கிறது.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான ஒருவருடைய ரத்த ஓட்டத்தை, கடையில் கிடைக்கும் காந்தம் கவனிக்கத்தக்க அளவில் மாற்றுவதில்லை. மாற்றம் தெரிந்த சில ஆய்வுகளிலும் அது சிறியது, சில நேரம் எதிர்த்திசையில் போனது. மாமனார் விஷயம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரும்புக் கதையிலிருந்து தொடங்கலாம். மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் கரையில் கறுப்பு மணல் கிடக்கும். அதில் பலமான நியோடிமியம் காந்தம் ஒன்றை இழுத்துப் பாருங்கள். இல்மனைட் துகள்கள் மீசை மாதிரி அதில் அப்பிக்கொள்ளும். அங்கே இருக்கும் மணல் ஆலையில் இல்மனைட்டை மற்ற தாதுக்களிலிருந்து பிரிப்பதும் காந்தத்தால்தான். இப்போது அதே காந்தத்தைக் கோழிக்கடையில் சிந்திய ரத்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஒரு சொட்டும் அசையாது.

ரத்தத்தில் இரும்பு இருப்பது உண்மை. உடம்பு முழுக்கச் சேர்த்து 3 முதல் 4 கிராம், அதில் பெரும்பகுதி ஹீமோகுளோபினில். ஆனால் அது இரும்புத்தூள் கிடையாது. ஒவ்வொரு இரும்பு அணுவும் தனித்தனியாக ஒரு பெரிய புரத மூலக்கூறுக்குள் கட்டப்பட்டிருக்கிறது. ஆணி காந்தத்தில் ஒட்டுவதற்குக் காரணம், அதிலுள்ள கோடிக்கணக்கான அணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே திசைக்குத் திரும்புவது. தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும் அணுவுக்கு அந்தக் குணம் வராது. சாமித்தோப்பு உப்பளத்து உப்பில் சோடியம் உண்டு. தனிச் சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் வெடிக்கும் என்பதற்காக ரசத்தில் உப்புப் போடப் பயப்படுகிறோமா?

இது இன்று நேற்றுத் தெரிந்ததில்லை. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1845லேயே உலர்ந்த ரத்தத்தைக் காந்தத்திடம் வைத்துப் பார்த்தார், அது ஈர்க்கப்படவில்லை. வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெல்லும் 1936ல் இன்னும் நுணுக்கமாக அளந்தார்கள். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் காந்தத்தால் மெல்ல விலக்கப்படுகிறது, ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபின் மெல்ல ஈர்க்கப்படுகிறது என்று கண்டார்கள். இன்றைக்கு மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று ஸ்கேனில் பார்க்க முடிவது இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான். ஆனால் முழு ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் காந்தத்தை விட்டு விலகும் ஜாதி. ஆகவே எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் காந்தம் ரத்தத்தை இழுப்பதில்லை, மிக மிக லேசாகத் தள்ளுகிறது. சொந்தக்காரரிடம் இதைச் சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று எனக்கும் கேட்க ஆசை.

விவரம் தெரிந்த விற்பனையாளர்கள் இரும்பை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடிப்பார்கள்: ரத்தத்தில் உப்பு அயனிகள் ஓடுகின்றன, ஓடும் மின்னூட்டத்தின் மேல் காந்தப்புலம் விசை செலுத்தும் என்று. இது சரியான இயற்பியல். ஃபாரடே 1832ல் லண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றில் கம்பிகளை இறக்கி, பூமியின் காந்தப்புலத்தில் ஓடும் ஆற்றுநீர் மின்னழுத்தம் உண்டாக்குகிறதா என்று பார்க்க முயன்றார். 1936ல் அலெக்சாண்டர் கோலின் அதே தத்துவத்தில் ரத்த ஓட்டத்தை அளக்கும் கருவியைச் செய்தார். குடிநீர்க் குழாய்களில் பொருத்தும் மின்காந்த ஓட்டமானியும் இதே குடும்பம்தான்.

கேள்வி அளவைப் பற்றியது. மணிக்கட்டு நாடியின் உள்விட்டம் சுமார் 2.5 மில்லிமீட்டர். ரத்தம் நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். காந்தப்புலத்தின் பலத்தை டெஸ்லா என்ற அலகில் அளப்பார்கள், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிடெஸ்லா. வளையக் காந்தம் அங்கே 50 மில்லிடெஸ்லா கொடுக்கிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் வரும் மின்னழுத்தம் 40 மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே. ஒரு நரம்பு செல்லின் சவ்வில் ஓய்வு நிலையிலேயே சுமார் 70 மில்லிவோல்ட் நிற்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாத இந்தச் சமிக்ஞையை வைத்து எந்த ரத்த நாளமும் சுருங்கவோ விரியவோ போவதில்லை. ரத்தத்தின் மேல் நேரடியாக வரும் தள்ளுவிசையும் சொற்பம்தான். 10 டெஸ்லா புலத்தில் நாளங்களின் அழுத்தம் எவ்வளவு மாறும் என்று 1990ல் வெளிவந்த ஒரு கணக்கீட்டில் விடை 0.2 சதவீதத்துக்குள் வந்தது. 10 டெஸ்லா என்பது ஊரில் இருக்கும் எம்ஆர்ஐ இயந்திரங்களைவிடப் பல மடங்கு.

இந்த இடத்தில் அலகைப் பற்றி ஒரு வார்த்தை. விற்பனைத் தாள்களில் டெஸ்லா இருக்காது, காஸ் இருக்கும். ஒரு டெஸ்லா 10,000 காஸ். "1,300 காஸ் சக்தி" என்றால் மலைப்பாக இருக்கிறது, 0.13 டெஸ்லா என்றால் யார் வாங்குவார்? அதுவும் காந்தத்தின் மேற்பரப்பில் மட்டும். 2 சென்டிமீட்டர் விட்டமும் 1 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள சாதாரண ஃபெரைட் வில்லையை எடுத்தால், தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் சுமார் 130 மில்லிடெஸ்லா இருக்கும். 3 சென்டிமீட்டர் தள்ளினால் 4 மில்லிடெஸ்லா. 5 சென்டிமீட்டர் தள்ளினால் ஒன்றே ஒன்று. மெத்தையில் காந்தத்துக்கு மேலே பஞ்சு, அதற்கு மேலே துணி, விரிப்பு, பனியன், தோல், கொழுப்பு. தசையைச் சென்றடைவது மிச்சம்மீதி.

சரி, கணக்கு கிடக்கட்டும், ஆளை வைத்து அளந்தார்களா? அளந்தார்கள். 2002ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில் ஆரோக்கியமான இளைஞர்களின் முன்கையில் உண்மைக் காந்தத்தையும் போலிக் காந்தத்தையும் மாற்றி மாற்றிக் கட்டி ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். வித்தியாசம் இல்லை. அதற்கு முந்தைய வருடம் மேரோவிட்ஸ் குழுவினர் லேசர் டாப்ளர் கருவியால் தோலின் ஓட்டத்தைப் பார்த்தார்கள். அதிலும் இல்லை. அதே மேரோவிட்ஸ் 2005ல் பலமான நியோடிமியம் காந்தத்தை, சுமார் 0.4 டெஸ்லா, விரலோடு வைத்துப் பார்த்தபோது ஒரு மாற்றம் கிடைத்தது. ஓட்டம் கொஞ்சம் குறைந்தது! கூடும் என்று விற்கிறார்கள், பலமான காந்தத்தில் குறைந்திருக்கிறது. இதை வைத்துக் காந்தம் கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். விரல் நுனியின் ஓட்டம் அவ்வளவு நிலையற்ற ஒன்று.

அந்த நிலையின்மையைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். விரல் நுனியில் லேசர் டாப்ளரை ஒட்டிவிட்டு ஒருவரை உட்காரவைத்தால், திரையில் கோடு சும்மா இருக்காது. ஆழமாக ஒரு மூச்சு இழுத்தால் சடாரென்று இறங்கும். பின்னால் யாராவது கதவை அறைந்தால் இறங்கும். மனக்கணக்கு ஒன்று கேட்டால் இறங்கும். விசிறியை அணைத்தால் மெல்ல ஏறும். விரல் நுனியில் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்கு வழிகள் நிறைய உண்டு. நம் விருப்பத்தைக் கேட்காமல் தானாக இயங்கும் பரிவு நரம்புகள் அவற்றை நொடிக்கு நொடி திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. முழு உடம்பின் தோலுக்கும் சாதாரணமாக நிமிடத்துக்குக் கால் லிட்டர், அரை லிட்டர் என்று போகும் ரத்தம், கடும் வெப்பத்தில் 7, 8 லிட்டர் வரை ஏறும். இவ்வளவு ஆடும் ஒன்றில் காந்தத்தின் சின்னப் பங்கைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அறையின் வெப்பம், நேரம், சாப்பிட்ட காபி எல்லாவற்றையும் கட்டிப்போட வேண்டும். கட்டுபவருக்கும் கட்டப்படுபவருக்கும் எது நிஜக் காந்தம் என்று தெரியக் கூடாது. இதுவும் எளிதில்லை. பாக்கெட்டில் சாவி இருந்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

கனடாவில் மெக்னமீ குழுவினர் 60 ஹெர்ட்ஸ் மாறுபுலத்தை, அதாவது நொடிக்கு 60 சுற்று மாறி மாறி வரும் காந்தப்புலத்தை, வைத்து நடத்திய சோதனை எனக்குப் பிடித்தமானது. 1,800 மைக்ரோடெஸ்லா (1.8 மில்லிடெஸ்லா) வரை கொடுத்து, இதயத் துடிப்பு, துடிப்பின் ஏற்ற இறக்கம், ரத்த அழுத்தம், தோலின் ஓட்டம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். நேரம் போகப் போகத் தோலின் ஓட்டம் குறைந்தது. ஆகா, கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் புலமே இல்லாத போலி அமர்விலும் அதே மாதிரி குறைந்தது. காரணம், அசையாமல் உட்கார்ந்திருந்ததில் உடம்பு குளிர்ந்துவிட்டது. போலி அமர்வு ஒன்று இல்லாமல் போயிருந்தால் அது காந்தத்தின் கணக்கில் ஏறியிருக்கும்.

வீட்டுக்கு வந்து காட்டும் விற்பனைச் சோதனைகளில் இல்லாமல் போவது இந்தப் போலி அமர்வுதான். வந்தவுடன் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். மாடிப்படி ஏறி வந்தவருக்கு, புது ஆள் முன்னால், அது கூடத்தான் இருக்கும். பிறகு மெத்தையில் இருபது நிமிடம் படுக்கவைத்துத் திரும்பப் பார்ப்பார்கள். குறைந்திருக்கும். ஓலைப்பாயில் படுத்திருந்தாலும் குறைந்திருக்கும்.

இன்னொரு வித்தை நுண்ணோக்கி. விரலில் குத்தி ஒரு சொட்டை எடுத்துத் திரையில் காட்டுவார்கள். சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும். "பாருங்க, ரெத்தம் கட்டியாட்டு கெடக்கு." காந்த வளையம் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. இப்போது அணுக்கள் தனித்தனியாக மிதக்கும். பார்ப்பவருக்கு ஆச்சரியம். கண்ணாடியில் சொட்டு தடிப்பாக இருந்தாலோ அப்படியே சற்று நேரம் விட்டாலோ அணுக்கள் அடுக்கிக்கொள்ளும். மெல்லிசாகப் பரப்பி உடனே பார்த்தால் பிரிந்து தெரியும். ஒரே சொட்டிலேயே நடுவில் ஒரு மாதிரியும் ஓரத்தில் வேறு மாதிரியும் காட்டலாம். அடுத்த முறை யாராவது வந்தால், வளையம் போடாமல் இரண்டாவது சொட்டை எடுக்கச் சொல்லுங்கள்.

எதிர்த்தரப்பில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. ஜப்பானில் முயலின் காதை வைத்து நடந்த சோதனைகளிலும், அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்காலக் குழுவினர் எலிகளில் செய்தவற்றிலும் காந்தப்புலம் சிறு தமனிகளின் இறுக்கத்தை மாற்றியது. ஸ்காலக் பயன்படுத்தியது 70 மில்லிடெஸ்லா. சுவாரசியம் என்னவென்றால், சுருங்கியிருந்த நாளங்கள் விரிந்தன, விரிந்திருந்தவை சுருங்கின. அதாவது இருமுனையிலிருந்தும் நடுவுக்கு வந்தன. அடிபட்டு வீங்கிய எலிக்காலில் உடனே காந்தம் வைத்தபோது வீக்கமும் குறைந்தது. இவை ஒழுங்காகச் செய்த ஆய்வுகள், நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் மயக்க மருந்தில் கிடக்கும் எலியின் மெல்லிய தசையிலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்தில் காந்தம் இருப்பதும், பஞ்சுக்கு அடியில் இருப்பதும் ஒன்றல்ல. அதோடு அந்த முடிவை அப்படியே நம்பினாலும், நாளங்கள் ஏற்கெனவே நடுநிலையில் இருக்கும் ஆரோக்கியமானவருக்கு அதில் கிடைக்க ஒன்றுமில்லை.

கண்ணாடிக் குழாயிலும் இப்படித்தான். 2001ல் ஒரு குழு 10 டெஸ்லா புலத்தில் ரத்தம் சுமார் 30 சதவீதம் மெதுவாக ஓடியது என்றது. 2011ல் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ரோங்ஜியா டாவோ, 1.3 டெஸ்லா புலத்தை ஓட்டத்தின் திசையிலேயே ஒரு நிமிடம் போலக் கொடுத்தால் ரத்தத்தின் பிசுபிசுப்பு 20 முதல் 30 சதவீதம் குறைகிறது என்றார். புலத்தின் திசை மாறினால் பலன் மாறுகிறது. உடம்பிலோ நாளங்கள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. விற்பனைத் தாளில் இரண்டாவது ஆய்வு மட்டும் வரும்.

மனித உடம்பை உண்மையிலேயே பெரிய புலத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் எங்கும் தேட வேண்டியதில்லை. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தினமும் ஆட்கள் எம்ஆர்ஐக்குள் போய் வருகிறார்கள். 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா, அரை மணி நேரம், முழு உடம்பும். அதற்குள் இசிஜி எடுத்தால், கோட்டில் டி அலை என்று சொல்லும் மேடு உயர்ந்து தெரியும். பெருந்தமனியில் பாயும் ரத்தம் உண்டாக்கும் மின்னழுத்தம் அதில் கலப்பதால் வருவது அது. இதயத்தில் ஒரு மாற்றமும் இல்லை, வெளியே வந்தால் அலை பழையபடி ஆகிவிடும். 8 டெஸ்லா வரை 25 ஆரோக்கியமானவர்களை வைத்து அமெரிக்காவில் பார்த்து 2003ல் வெளியிட்டார்கள். ரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக 3.6 கூடியது, அவ்வளவே. கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாலே இந்த அளவு மாற்றம் வரும். பலமான ஸ்கேனரில் தலையைத் திருப்பினால் சிலருக்குக் கிறுகிறுப்பு வரும். அது உள்காதின் வேலை, ரத்த ஓட்டத்தின் வேலை இல்லை. பொதுமக்களுக்கு, மாறாமல் நிற்கும் நிலைப்புலத்தில் 400 மில்லிடெஸ்லா வரை என்று சர்வதேச வழிகாட்டுதல் 2009ல் வரம்பு வைத்தது. மெத்தை அந்த வரம்புக்குள்தான் வரும். கெடுதல் செய்யாததற்கும் பலன் செய்யாததற்கும் காரணம் ஒன்றே: புலம் அவ்வளவு சின்னது.

வடக்கே தலைவைத்துப் படுப்பது பற்றியும் கேட்டிருந்தார். "உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு" என்று பெரியவர்கள் சொல்வது பழக்கம். அதை யாரும் பின்பற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பூமியின் காந்தம் ரத்தத்தை மூளைக்கு இழுக்கும் என்ற விளக்கம்தான் ஒட்டவில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்தப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, மேலே சொன்ன ஃபெரைட் வில்லையின் மேற்பரப்பில் இருப்பதில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். 1963ல் முதல் ராக்கெட் கிளம்பிய, திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். ஆகவே இங்கே புலம் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக, தெற்கிலிருந்து வடக்காக, எல்லா வீட்டுக்குள்ளும் ஒரே அளவில் ஓடுகிறது. ஒரே அளவாக இருக்கும் புலம் எதையும் ஒரு பக்கமாக இழுக்காது. திசைகாட்டி முள்ளைத் திருப்பி நிறுத்தும், அவ்வளவுதான். முப்பந்தல் காற்றாலைகளிலிருந்து போகும் உயர் அழுத்தக் கம்பிகளுக்குக் கீழே இருப்பதும் பொதுவாகச் சில மைக்ரோடெஸ்லாவிலிருந்து சில பத்து மைக்ரோடெஸ்லா வரை. 50 ஹெர்ட்ஸுக்குப் பொதுமக்கள் வரம்பு 200.

மைனிக்கு நிஜமாகவே ரத்த ஓட்டம் கூட வேண்டுமானால், நடக்கச் சொல்லுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் அனுப்பும் இதயம் கடும் உழைப்பில் 20 லிட்டருக்கு மேலும் அனுப்பும். வேகமாக நடந்தாலே அது கணிசமாக ஏறும். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். சாயங்காலம் சங்குத்துறை மணலில் நடந்தால் அதற்குக் காசு கிடையாது.

இனி மாமனார். பேஸ்மேக்கருக்குள் காந்தத்தை உணரும் ஒரு அமைப்பு உண்டு. மருத்துவர்கள் வேண்டுமென்றே வட்டக் காந்தத்தை நெஞ்சின் மேல் வைத்து அதை இயக்குவார்கள். அப்போது கருவி இதயத்தின் சொந்தத் துடிப்பைப் பார்க்காமல் ஒரே வேகத்தில் துடிக்கத் தொடங்கும். சிலருக்கு வைத்திருக்கும் அதிர்வு கொடுக்கும் கருவியாக இருந்தால், காந்தம் இருக்கும்வரை அது தேவையான நேரத்திலும் அதிர்வு கொடுக்காது. இதற்கு ஒரு மில்லிடெஸ்லா அளவே போதும். வழிகாட்டுதலில் அரை மில்லிடெஸ்லாவைத்தான் எல்லையாக வைத்திருக்கிறார்கள். 5 சென்டிமீட்டரில் ஒரு வில்லை எவ்வளவு கொடுக்கும் என்று மேலே பார்த்தோம். மெத்தையில் பல வில்லைகள். அவர் குப்புறவோ இடப்பக்கமாகவோ புரண்டால் நெஞ்சு அவற்றுக்கு மிக அருகில் வந்துவிடும். அதனால் அவர் அந்த மெத்தையில் ஒரு மதியத் தூக்கம்கூடப் போட வேண்டாம். வளையத்தைக் கையில் போட்டுக்கொண்டு நெஞ்சில் கைவைத்துத் தூங்கவும் வேண்டாம். காந்தம் உள்ள செல்போனையும் சட்டைப்பையில் வைக்காமல் 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கட்டும். அடுத்த அறையில் மெத்தை கிடப்பதால் ஒன்றும் வராது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் வந்து போனால், பிய்ந்து வந்த வில்லைகள் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போய் ஒன்றையொன்று பிடித்தால் குடல் ஓட்டையாகிவிடும்.

பணத்தைப் பற்றி: நேரடி விற்பனைக்கென்று 2021 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் உண்டு. பில்லையும் ஒப்பந்தத்தையும் எடுத்து, திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் குணமாகும் என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தால் அந்த நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள். அப்படிப்பட்ட விளம்பரத்தை 1954ஆம் வருடச் சட்டம் ஒன்று தடுக்கிறது. கேட்டும் பணம் வரவில்லையென்றால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்போது பில்லோடு அதுவும் வேண்டும்.